தூரத் தாயத்தை அட்டவணையாக்கும்போது நினைவகம் நிரம்புவது ஏன்?

கேள்வி: திருகோணமலை மாவட்ட வீதி வலையமைப்பில் 20,000 சந்திகளை எடுத்து, அவற்றுக்கிடையிலான மிகக் குறுகிய வீதித் தூரங்களை, ஆர் என்னும் நிரலாக்க மொழியில் வலையமைப்புகளைக் கையாளும் ஐகிராஃப் தொகுதியால் கணித்தேன். சந்தி ஒவ்வொன்றுக்கும் ஒரு நிரையும் ஒரு நிரலும் கொண்ட தூரத் தாயம் கிடைத்துவிட்டது. ஆனால் அதனை "தொடக்கம், இலக்கு, தூரம்" என்ற மூன்று நிரல் அட்டவணையாக மாற்றும்போது, 16 ஜிகாபைற் நினைவகமுள்ள மடிக்கணினி திணறி நின்றுவிடுகிறது. எனக்குத் தேவை 5 கிலோமீற்றருக்கு உட்பட்ட சோடிகள் மாத்திரமே. நினைவகத்தைக் கூட்டத்தான் வேண்டுமா?
— வாசகர், உப்புவெளி

பதில்: வேண்டியதில்லை. சந்திகள் இரண்டு மடங்கானால் தாயம் நான்கு மடங்காகும் என்பதால், நினைவகத்தை வாங்கி இந்தக் கணக்கோடு போட்டியிட முடியாது.

உங்கள் தாயத்தில் 40 கோடி கட்டங்கள் உள்ளன. கட்டமொன்றுக்கு 8 பைற் வீதம் அதுவே 3.2 ஜிகாபைற். அட்டவணையாக்கும்போது அதே தூரங்கள் இன்னொரு தடவை பிரதியாகின்றன. தொடக்கம், இலக்கு என்னும் இரு நிரல்களும், முழுவெண்ணாக வைத்தாலும், தலா 1.6 ஜிகாபைற் எடுக்கின்றன. ஆக 9.6 ஜிகாபைற், இடைநிலைப் பிரதிகள் ஓரிரண்டு சேர்ந்தால் 16 எங்கே போதும்? தூரங்கள் இரு திசையிலும் சமமென்பதால் தாயத்தின் மூலைவிட்டத்துக்கு மேலுள்ள பாதியை, அதாவது மேல் முக்கோணத்தை மட்டும் எடுக்கலாமே என்று 'அப்பர்.ட்ரை' சார்பை அழைப்பவர்கள் பலர். அச்சார்பு தருவதும் 40 கோடி கட்டங்கள் கொண்ட இன்னொரு தாயமே என்பதைக் கவனிப்பதில்லை.

ஆகவே முழுத் தாயத்தை உருவாக்காமலே விடுங்கள். ஐகிராஃப் தொகுதியில் தூரங்களைக் கணிக்கும் 'டிஸ்டன்சஸ்' சார்புக்குத் தொடக்கச் சந்திகளைத் தனியே குறிப்பிடலாம். 500 சந்திகள் வீதம் கேட்டால், ஒவ்வொரு துண்டும் ஒரு கோடி கட்டங்கள், அதாவது 80 மெகாபைற் மட்டுமே. 40 சுற்றில் வேலை முடியும். துண்டு கிடைத்தவுடனேயே 5,000 மீற்றருக்கு மேற்பட்டவற்றைக் கழித்து, இலக்கின் எண் தொடக்கத்தின் எண்ணைவிடப் பெரிதாக உள்ள நிரைகளை மட்டும் வைத்துக்கொண்டால், ஒரே சோடி இரு தடவை வராது. இணைப்பில்லாத சந்திகளுக்குரிய முடிவிலிப் பெறுமானங்களும் தாமாகவே விலகிவிடும். ஒருவழிப் பாதைகளைத் திசையோடு கணக்கில் எடுத்திருந்தால் மாத்திரம் இப்படிப் பாதியாக்கக் கூடாது. இரண்டாம் துண்டிலும் நிரை எண் 1 இலிருந்தே தொடங்கும் என்பதால், அதனோடு 500 ஐயும், அடுத்ததில் 1,000 ஐயும் கூட்ட மறந்தால், பிழைச் செய்தி எதுவும் வராமலே அட்டவணை முழுவதும் தவறாகிவிடும்.

வடிகட்டிய துண்டுகளை நினைவகத்திலேயே ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டிக்கொண்டு போகாமல், ஆர் மொழியின் டேட்டா.டேபிள் தொகுதியில் கோப்பெழுதும் 'எஃப்ரைட்' சார்பால், இணைத்தெழுதும் முறையில், வட்டிலுள்ள கோப்பில் சேருங்கள். கணினி நிரலை மறுபடி ஓட்டுமுன் பழைய கோப்பை அழித்துவிடுங்கள். இல்லையேல் அதே நிரைகள் மீண்டும் அதன் கீழே சேரும்.

நேர்கோட்டுத் தூரத்தை வைத்தே வடிகட்டினால் என்ன என்றும் தோன்றலாம். நேர்கோட்டில் 5 கிலோமீற்றரைத் தாண்டிய சோடி வீதியில் அதற்குள் வர இயலாது. அவற்றை முன்கூட்டியே தள்ளிவிடலாம். ஆனால் நேர்கோட்டில் கிட்ட உள்ளதெல்லாம் வீதியிலும் கிட்ட என்று கொள்ள இயலாது. திருகோணமலை நகரிலிருந்து பார்த்தால் கொட்டியாரக் குடாவுக்கு அப்பால் மூதூர் நேரே தெரிந்தாலும், வீதியால் போகிறவர் கிண்ணியாப் பக்கமாகச் சுற்றியே சேர வேண்டும்.