பெயின்ட் கடைசி வேலை

கேள்வி: எங்கள் மாமா எண்பதுகளில் தோட்டத்து பேண்டில் வாசித்த எலெக்ட்ரிக் கிட்டார், இருபது வருஷமாக அலுமாரிக்கு மேலே கிடந்தது. ஜப்பானில் செய்தது. பெயின்ட் வெடித்துவிட்டது, ஃப்ரெட் (கழுத்துப் பகுதியான நெக்கில் குறுக்கே பதித்த உலோகக் கட்டைகள்) எல்லாம் துரு. கம்பிகள் நெக்கை விட்டு ஒரு விரல் உயரத்தில் நிற்கின்றன. அம்ப்ளிஃபையரில் போட்டால் இரைச்சல்தான் பெரிதாகக் கேட்கிறது. ஸ்ப்ரே டப்பா வாங்கி கறுப்பு அடித்து, தீபாவளி விழாவில் வாசிக்க ஆசை. இங்கே ஆடி மாத மழை விடாமல் பெய்கிறது. வீட்டிலேயே செய்ய முடியுமா? (தலவாக்கலையிலிருந்து ஒரு வாசகர்)

செய்யலாம் தம்பி. ஆனால் ஸ்ப்ரே டப்பாவை இப்போதைக்கு வாங்க வேண்டாம். பளபளவென்று கறுப்பு அடித்து என்னிடம் கொண்டுவந்த கிட்டார்கள் பல. நெக் வளைந்து, மூன்றாவது ஃப்ரெட்டுக்கு மேலே ஒரு சுரமும் சரியாக நிற்காது. செலவழித்த காசும் உழைப்பும் வீணாவதைப் பார்க்க மனசு கேட்பதில்லை. முதலில் நெக், பிறகு வயரிங், இரண்டும் சரியென்றால் மட்டும் பெயின்ட். மழைக்காலத்தில் செய்யத் தோதான வரிசையும் இதுதான்.

கழற்றுவதற்கு முன் எல்லாப் பக்கமும் ஃபோனில் படம் எடுங்கள், வயர்கள் எந்த முனையில் ஒட்டியிருக்கின்றன என்பது உட்பட. கம்பிகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தி எடுங்கள். பின்பக்கத் தகட்டில் நான்கு திருகாணி இருந்தால், அவற்றைக் கழற்றியதும் நெக் தனியே வந்துவிடும். அதன் அடிப்பாகத்திலும் அது உட்காரும் குழியிலும் பென்சில் எழுத்தோ ரப்பர் முத்திரையோ இருக்கலாம். அந்தக் கிட்டாரின் பிறப்புச் சான்றிதழ் அதுதான், சாண்ட் பேப்பர் அங்கே படவே கூடாது.

நெக்கைக் கண்ணுக்கு நேரே துப்பாக்கி பிடிப்பதுபோல் பிடித்து ஓரத்தைப் பாருங்கள். சுருதி சேர்த்த ஆறு கம்பிகளும் சேர்ந்து 40 கிலோவுக்கு மேல் இழுக்கின்றன. அப்படியே இருபது வருஷம் கிடந்தால் நெக் வில்லாக வளைவது இயல்பு. அதை நிமிர்த்தத்தான் உள்ளே ட்ரஸ் ரொட் என்ற இரும்புக் கம்பி இருக்கிறது. அதன் நட் நெக்கின் தலைப்பக்கத்திலோ அடிப்பக்கத்திலோ இருக்கும். நெக்கைத் திரும்பப் பூட்டி, புதுக் கம்பி போட்டு, சுருதி சேர்த்து, முதல் ஃப்ரெட்டையும் கடைசி ஃப்ரெட்டையும் ஒரே நேரத்தில் அழுத்துங்கள். ஏழாவது ஃப்ரெட்டில் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் இடையே ஒரு விசிட்டிங் கார்ட் நுழையும் அளவு, அதாவது கால் மில்லிமீட்டர் இடைவெளி போதும். அதைவிட அதிகமென்றால் நட்டை வலப்பக்கமாகக் கால் சுற்று மட்டும் திருப்பி, ஒரு ராத்திரி விட்டு மறுநாள் பாருங்கள். மரம் மெதுவாகத்தான் இணங்கும். நட் இறுகி நகராவிட்டால் பலம் போடாதீர்கள். ரொட் உள்ளே முறிந்தால் விரல்பலகையைப் பெயர்க்க வேண்டி வரும், அது வீட்டில் செய்யும் வேலை அல்ல.

துருப்பிடித்த ஃப்ரெட்டை ஸ்டீல் வுல்லால் தேய்த்தால் பளிச்சென்று வந்துவிடும். ஆனால் நெக் தனியே இருக்கும்போது, உடலிலிருந்து தூரமாக வைத்துத் தேயுங்கள். கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பிக்கப்புக்குள் காந்தம் இருக்கிறது. அந்த மெல்லிய இரும்புத் தூள் போய் ஒட்டினால் லேசில் எடுக்க முடியாது. விரல்பலகைக்குத் தேங்காய் எண்ணெய் போடும் பழக்கம் நம் பக்கம் உண்டு. வேண்டாம், நாளாக நாளாகப் பிசுபிசுத்து அழுக்கைப் பிடிக்கும். நன்றாகப் பிழிந்த ஈரத்துணியால் துடைத்து, காய்ந்ததும் இரண்டு சொட்டு பேபி ஒயில் தடவி உடனே துடைத்துவிடுங்கள்.

இனி இரைச்சல். வாசிக்கும்போது கம்பியைத் தொட்டால் இரைச்சல் குறைகிறதா? குறைந்தால், உடலில் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜுக்கு அடியில் போகும் எர்த் வயர் நன்றாக இருக்கிறது. ஒரு மாற்றமும் இல்லையென்றால் அந்த வயர்தான் விட்டிருக்கும், ஒரு துளி ஈயத்தில் சரியாகும். வொலியூமைத் திருப்பும்போது கரகரப்பு வந்தால் அந்தக் குமிழுக்கு அடியில் இருக்கும் பொட்டுக்குள் கொண்டாக்ட் கிளீனர் அடித்து இருபது முப்பது தடவை சுழற்றுங்கள். பிக்கப்பை மல்டிமீட்டரில் பாருங்கள். ஒற்றைச் சுருள் பிக்கப் பெரும்பாலும் 4 முதல் 8 கிலோ ஓம் வரை காட்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் சுருள் அறுந்திருக்கிறது. பொட் மாற்ற நேர்ந்தால் ஒற்றைச் சுருளுக்கு 250கே, இரட்டைச் சுருளுக்கு 500கே என்று கேட்டு வாங்குங்கள். டவுனில் கிடைக்காவிட்டால் கொழும்பு போகிறவர்களிடம் சொல்லி, புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் தேடச் சொல்லலாம்.

இதில் ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். லயத்துப் பழைய வயரிங்கில் பல வீடுகளுக்கு எர்த் கிடையாது. அம்ப்ளிஃபையரின் மூன்று கால் ப்ளக்கில் ஒரு காலை வெட்டியோ, வயரை நேரே சுவரில் சொருகியோ வாசிக்கவே வேண்டாம். கிட்டார் கம்பி உங்கள் விரலில், மைக் உங்கள் உதட்டில். அம்ப்ளிஃபையரில் கசிவு இருந்தால் 230 வோல்ட் உங்கள் உடம்பு வழியாகத்தான் இறங்கும். எர்த் சரியாக இருக்கிறதா என்று எலெக்ட்ரிக் பாஸ் ஒருவரிடம் காட்டிவிட்டுப் பிறகு செருகுங்கள்.

இவ்வளவும் முடிந்து கிட்டார் பாடத் தொடங்கினால் பெயின்டுக்கு வரலாம். உடலின் முன்பக்கம் மூடியிருக்கும் பிக்கார்ட் தகட்டுக்கு அடியில், வெளியே தெரியாத இடத்தில், பஞ்சில் ஒரு துளி தின்னர் வைத்துப் பாருங்கள். இளகிப் பிசுபிசுத்தால் பழைய நைட்ரோ லெக்கர். அதன்மேல் புது ஸ்ப்ரே சுருங்கி மடியும், ஆகவே வெளியே காற்றோட்டத்தில் தின்னரால் துடைத்து எடுத்துவிட வேண்டும். அசையவே இல்லையென்றால் பொலியூரெத்தேன் போன்ற பொலி வகை. அதை முழுவதும் உரிக்கப் போகாதீர்கள். அந்தக் காலத்து மலிவான ஜப்பான் கிட்டார்களில் பல பிளைவுட் உடல். ஆசைப்பட்டு மரம் தெரியத் தேய்த்தால் மேலே ஒட்டிய மெல்லிய தோல் கிழிந்து உள்ளே அடுக்கு தெரியும். பழைய பெயின்டே நல்ல அடித்தளம். வெடிப்புகளை அடிவரை தேய்த்துப் புட்டி வைத்து நிரப்புங்கள், இல்லாவிட்டால் புதுக் கறுப்பின் மேலேயும் அந்தக் கோடு எழும்பி வரும். பிறகு 320, 400 சாண்ட் பேப்பரால் பளபளப்பு மங்கும் வரை தேய்த்தால் போதும். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். தண்ணீர் தொட்டுத் தேயுங்கள், மாஸ்க் போடுங்கள், சின்னப் பிள்ளைகள் பக்கத்தில் வேண்டாம்.

இப்போது உங்கள் மழை. பல வருஷங்களுக்கு முன் ஹட்டனில், இதே ஆடியில், ஒரு சிவப்புக் கிட்டாருக்கு லெக்கர் அடித்துத் திண்ணையில் தொங்கவிட்டேன். காலையில் கண்ணாடி மாதிரி இருந்தது. மத்தியானம் பனி இறங்கியது, சாயங்காலம் பார்த்தால் சிவப்பு முழுவதும் பால் ஊற்றியதுபோல் வெளுத்துக் கிடந்தது. தின்னர் ஆவியாகும்போது மேற்பரப்பைக் குளிரச் செய்கிறது. காற்று ஈரமாக இருந்தால் அந்தக் குளிரில் நீர் படிந்து, காயாத படலத்துக்குள் மாட்டிக்கொள்கிறது. அதுதான் அந்த வெண்மை. முழுவதையும் தேய்த்து மறுபடி அடிக்க வேண்டியதாயிற்று.

அன்றிலிருந்து குசினி உப்புச் சாடியைப் பார்க்காமல் ஸ்ப்ரே பிடிப்பதில்லை. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதம் அளவுக்குப் போனால்தான் உப்பு நீரை இழுத்துக் கசியத் தொடங்கும். உப்பு உதிரியாக இருந்தால் அடிக்கலாம், கசிந்திருந்தால் அன்றைக்கு வேறு வேலை பாருங்கள். தலவாக்கலையில் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை; ஐப்பசியில் மத்தியானத்துக்கு மேல் இடி மழை. ஆனால் பட்டிப்பொல சுரங்கத்துக்கு அந்தப் பக்கம் ஊவாவில் ஆடி ஆவணியில் காய்ந்த காற்றடிக்கும் என்பது உங்களுக்குத் தெரியாததா? அப்புத்தளையிலோ பண்டாரவளையிலோ சொந்தக்காரர் இருந்தால், தேய்த்துத் தயாரான உடலை மட்டும் துணியில் சுற்றி எடுத்துப் போய், ஆவணியில் இரண்டு நாள் அங்கே தங்கி அடித்து வாருங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன்.

அடிப்பதில் பெரிய வித்தை இல்லை. நெக் உட்காரும் குழியை டேப்பால் மூடுங்கள், அங்கே பெயின்ட் ஏறினால் நெக் பொருந்தாது. ஒரே தடவையில் கறுப்பாக்க நினைத்தால் வழிந்துவிடும். புகை பட்டதுபோல் மெல்லிசாக நாலைந்து பூச்சு, இடையில் அரை மணி நேரமாவது விடுங்கள். கராஜில் வாகனத்துக்கு அடிக்கும், ஹார்ட்னர் கலந்த இரண்டு டப்பாப் பெயின்டை வீட்டில் தொடவே வேண்டாம். அதிலுள்ள ஐசோசயனேட் நுரையீரலைக் கெடுக்கும், சாதாரண மாஸ்க் தடுக்காது. காய வைக்க அடுப்புக்கு மேலே தொங்கவிடவும் கூடாது. கரி படியும், அதைவிடத் தின்னர் ஆவியில் தீப்பிடிக்கும்.

நம் குளிரில் மூன்று, நான்கு வாரம் காய விடுங்கள். மூக்கை வைத்து மோந்து பாருங்கள், தின்னர் வாசம் துளி வந்தாலும் இன்னும் காயவில்லை. பிறகு 1500, 2000 பேப்பரால் தண்ணீர் தொட்டுத் தேய்த்துப் பொலிஷ் போடலாம். ஆணித் துளைகள் தளர்ந்திருந்தால் பல் குத்தும் குச்சியில் மரப்பசை தடவிச் செருகி, காய்ந்ததும் நறுக்கிவிட்டு முறுக்குங்கள். முதல் கம்பி 9 எண் உள்ள மெல்லிய கம்பி செட் போடுங்கள், பழைய நெக்குக்கு இழுப்பு குறைவு. பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் இரண்டு மில்லிமீட்டர் உயரம் வரும்வரை பிரிட்ஜை இறக்குங்கள். ஆவணி தவறி வாசம் போகாமல் இருந்தால் கறுப்பை மாசி மாதத்துக்குத் தள்ளிவையுங்கள். தீபாவளிக்கு மாமாவின் பழைய நிறத்திலேயே மேடை ஏறுங்கள்.