முதல் இரண்டு மணி நேரம்

கேள்வி: எனக்கு 34 வயது. அலுவலகப் பயிற்சிக்காக முதல்முறை வெளிநாடு போகிறேன். பயிற்சி முடிந்ததும் நான்கு நாள் தனியாகச் சுற்றிப் பார்க்க ஆசை. விமானம் இறங்குவதே இரவு 1 மணிக்கு. அம்மாவுக்கு இப்போதே தூக்கம் போய்விட்டது. கடைசி இரண்டு நாட்களுக்குத் தோழிகள் மூவர் வந்து சேர்ந்துகொள்கிறார்கள். கூட்டமாக இருந்தால் பயமில்லைதானே? நான் எதற்கெல்லாம் தயாராக வேண்டும்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புத் தோழி,

தாராளமாகப் போய் வாருங்கள். பயணத்தில் முன்யோசனை மிகவும் தேவைப்படுவது, இறங்கியதிலிருந்து அறைக் கதவைத் தாழிடும் வரை உள்ள அந்த முதல் இரண்டு மணி நேரத்துக்குத்தான். தூக்கக் கலக்கம், கை நிறையப் பை, தெரியாத வழி, எல்லாம் ஒன்றாகச் சேரும் நேரம் அது.

எனக்கே நடந்திருக்கிறது. நள்ளிரவில் போய் நின்றால் விடுதிக் கதவு பூட்டிக்கிடந்தது. இரவில் வரவேற்பில் ஆள் இருப்பார்களா என்று நான் கேட்டு வைக்கவில்லை. போனில் 4 சதவீதம் சார்ஜ். எதிரே வெளிச்சமாக இருந்த மருத்துவமனையின் காத்திருப்புக் கூடத்தில் விடியும்வரை உட்கார்ந்திருந்தேன்.

அதனால் உங்கள் 1 மணி விமானத்துக்கு முதல் யோசனை: அந்த இரவுக்கு மட்டும் விமான நிலையத்தை ஒட்டியே அறை எடுங்கள். இல்லையென்றால் நிலையத்துக்குள்ளேயே விடியும்வரை இருக்க முடியுமா என்று பாருங்கள். 'இத்தனை மணிக்கு வருவேன்' என்று விடுதிக்கு எழுதி, பதிலையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். முகவரியை அந்த ஊர் எழுத்திலேயே படமெடுத்து வைத்தால் ஓட்டுநரிடம் காட்டலாம். வரைபடத்தை இணையம் இல்லாமலும் திறக்கும்படி தரவிறக்கி வையுங்கள். கழிப்பறை, இணைய இணைப்பு, வண்டி ஏற்பாடு எல்லாவற்றையும் உள்ளேயே முடித்துவிட்டு வெளியே வாருங்கள். வண்டி எண்ணைச் சரிபாருங்கள். 'யாரை ஏற்ற வந்தீர்கள்?' என்று கேட்டு, உங்கள் பெயரை அவர் வாயிலிருந்தே வரவழையுங்கள்.

பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும், சரக்குப் பெட்டியில் போடக் கூடாது. பொதுவாக 100 வாட்-அவர் (அது தேக்கிவைக்கும் மின்சாரத்தின் அளவு) வரை அனுமதி; 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் சுமார் 74 வாட்-அவர்தான். மூட்டையைக் குறையுங்கள். அமெரிக்கப் பத்திரிகையாளர் நெல்லி பிளை 1889-ல் கிளம்பி 72 நாளில் உலகைச் சுற்றி வந்தபோது கொண்டுபோனது ஒரே ஒரு சின்னக் கைப்பை. அவ்வளவு சிக்கனம் நமக்கு வராது, ஆனால் ஒரு கையாவது எப்போதும் காலியாக இருக்கட்டும்.

அறை எண்ணை வரவேற்பில் உரக்கச் சொன்னால், வேறு அறை கேளுங்கள். எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். உள்ளே போனதும் தாழ்ப்பாள், ஜன்னல், குளியலறை எல்லாம் பாருங்கள். கதவடியில் செருகும் ரப்பர் ஆப்பு ஒன்று பையில் கிடக்கட்டும், எடையே தெரியாது. 'விடுதி ஆள்' என்று யாராவது தட்டினால், வரவேற்புக்குப் போன் செய்து கேட்ட பிறகு திறங்கள். உங்கள் அறையிலிருந்து அவசர வழிக்கு எத்தனை கதவு என்று எண்ணிக்கொள்ளுங்கள். புகையில் கண் தெரியாது. போகிற நாட்டின் அவசர எண்ணையும் இப்போதே பதிந்து வையுங்கள். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 112, அமெரிக்காவில் 911.

அடுத்து, பெண்கள் வெளியே பேசாத ஒரு விஷயம். கழிப்பறை கிடைக்காது என்று பயந்து நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருக்கிறோம். சிறுநீர்த் தொற்றோடு திரும்பிய தோழிகளைப் பார்த்து மனசு கஷ்டப்பட்டிருக்கிறேன். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். தண்ணீர் குடியுங்கள், வாய்ப்பு கிடைக்கிற இடத்திலெல்லாம் போய்விடுங்கள். இடம் மாறுவதால் மாதவிடாய் முன்பின்னாகலாம், அதனால் நாப்கினோ கப்போ எப்போதும் கையில் இருக்கட்டும். தள்ளிப்போட மாத்திரை வேண்டுமென்றால் மருத்துவரைக் கேட்காமல் வாங்காதீர்கள். ரத்தக் கட்டி வந்தவர்களுக்கு அவை ஆபத்து. நான்கு மணி நேரத்துக்கு மேல் விமானத்தில் உட்கார்ந்தால், காலில் ரத்தம் கட்டாமல் இருக்க இடையிடையே எழுந்து நடங்கள். கருத்தடை மாத்திரை எடுப்பவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

பணத்தில் ஒன்று மட்டும்: இரண்டு அட்டைகளை இரண்டு இடத்தில் வையுங்கள்.

'மரியாதையாக இருக்காதே' என்று பயந்து பிடிக்காத பேச்சுக்குப் பதில் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள். எழுந்து வேறு இருக்கைக்குப் போகலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. எங்கே தங்கியிருக்கிறீர்கள் என்று கேட்டால் பொய் சொல்லலாம். இடத்தின் படங்களை அந்த இடத்தை விட்டுக் கிளம்பிய பிறகே பகிருங்கள்.

சரி, தோழிகள். கூட்டமாக இருந்தால் பயமில்லைதானே என்று கேட்டிருந்தீர்கள். நான்கு பேர் இருந்தால் முகவரி தெரிந்தவள் ஒருத்தி, மற்ற மூவரும் அவள் பின்னால் நடப்பார்கள். அவள் போன் அணைந்தால் நால்வருக்கும் வழி தெரியாது. ஆகவே ஒவ்வொருவரிடமும் முகவரியும் பணமும் கடவுச்சீட்டு நகலும் இருக்க வேண்டும். போன் வேலை செய்யாவிட்டால் எங்கே, எத்தனை மணிக்குச் சந்திப்பது என்று காலையிலேயே பேசிவிடுங்கள். இரவில் சேர்ந்து போனால் சேர்ந்தே திரும்புங்கள், யாராவது பிரிந்து போனால் சொல்லிவிட்டுப் போகட்டும். 'எனக்கு இங்கே சரியில்லை' என்று ஒருத்தி சொன்னால், ஏன் என்று விசாரிக்காமல் எல்லோரும் கிளம்ப வேண்டும். இந்த ஒரு விதியைப் புறப்படும் முன்பே நால்வரும் ஒப்புக்கொள்ளுங்கள். பகலில் அரை நாள் பிரிந்து சுற்றினால் தப்பில்லை, நட்பும் கெடாமல் இருக்கும்.

அப்புறம் அம்மா. விமான எண், தங்குமிட முகவரி, தொலைபேசி எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். மணிக்கொரு முறை பேசுவதாக வாக்கு கொடுக்காதீர்கள். ஒரு நாள் தவறினால் அவர் துடித்துப்போவார். தினம் ஒரே நேரத்தில் ஒரு அழைப்பு போதும். வாட்ஸ்அப்பில் நேரலை இருப்பிடத்தைப் பகிர்ந்தால் அதிகபட்சம் 8 மணி நேரத்தில் அது தானாக நின்றுவிடும் என்பதையும் சொல்லி வையுங்கள், நின்றதும் பயந்துவிடப் போகிறார். அழைப்பு வராவிட்டால் இரண்டு மணி நேரம் பொறுத்து முதலில் விடுதிக்கும், பிறகு தோழிகளில் ஒருவருக்கும் அவர் போன் செய்யலாம். அந்த எண்களை இன்றே அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.