பால் கொடுக்கும்போது சளி மாத்திரை போடலாமா? அட்டையைப் படித்துவிட்டுப் போடுங்கள்

"மூன்று மாதக் குழந்தைக்குப் பால் கொடுக்கிறேன். சளி, காய்ச்சல். மாத்திரை போட்டால் பால் கொடுக்கக் கூடாது என்கிறார்கள், உண்மையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் வீட்டிலும் யாரோ பெரியவர்கள் "பாலில் சளி இறங்கிடும், நிறுத்து" என்று சொல்லியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். நிறுத்தாதீர்கள். பாராசிட்டமால் போடலாம், பாலும் கொடுக்கலாம். "இவள் என்ன டாக்டரா?" என்று கீழே யாராவது எழுதுவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்: இல்லை. கடலூரில் இரண்டு பிள்ளைகளுக்குப் பால் கொடுத்து வளர்த்தவள். இங்கே எழுதுவது குழந்தை டாக்டரிடம் கேட்டதும், அதன் பிறகு தேடிப் படித்ததும்தான்.

சின்னவன் கைக்குழந்தையாக இருந்தபோது நல்ல கார்த்திகை மழை. எங்கள் கூத்தப்பாக்கம் தெருவில் தண்ணீர் நிற்கிறது, வீட்டுக்காரருக்கு நெய்வேலியில் நைட் ஷிப்ட். எனக்கு உடம்பு அனலாய்க் கொதிக்கிறது, மூக்கு அடைத்துப்போய் வாயால்தான் மூச்சு. மாமியார் பிள்ளையைத் தூக்கித் தன் பாயில் போட்டுக்கொண்டார். "காய்ச்சல் விடுற வரைக்கும் நீ பால் குடுக்காதம்மா, டின் பால் வாங்கியாரச் சொல்றேன்" என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் காலத்தில் அவருக்கும் அப்படித்தான் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் பிள்ளை பசியில் வீறிடுகிறான், எனக்குப் பால் கட்டி நைட்டியெல்லாம் நனைகிறது. வாங்கி மடியில் போட்டுப் பால் கொடுத்துக்கொண்டே, "அத்தை, டாக்டரைக் கேட்டுட்டு முடிவு பண்ணலாம்" என்றேன்.

அதற்குள் கொழுந்தன் ஒரு மெடிக்கலில் "சளி காய்ச்சலுக்கு ஒரு செட்" என்று கேட்டு வாங்கி வந்துவிட்டான். சின்னக் காகிதக் கவரில் வெட்டிய துண்டுகளாக மூன்று விதமான மாத்திரை. ஒரு துண்டில் பெயரின் கடைசி இரண்டு எழுத்து மட்டும் இருக்கிறது, இன்னொன்றில் காலாவதித் தேதியே இல்லை. "திரும்பிப் போய் முழு அட்டையையும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புப்பா" என்றேன். முனகிக்கொண்டே போனான். கடைத் தம்பி, "எல்லாருக்கும் இதைத்தான் குடுக்கிறோம்" என்றாராம்.

போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முதல் அட்டையில் பாராசிட்டமால் 500 மில்லிகிராம், கூடவே மூக்கடைப்புக்கு ஃபீனைல்எஃப்ரின், மூக்கு ஒழுகுவதற்குக் குளோர்ஃபெனிரமின், காஃபின். இரண்டாவதில் நிமிசுலைடு என்ற வலி, காய்ச்சல் மருந்தும் பாராசிட்டமால் 325-ம். மூன்றாவது வெறும் பாராசிட்டமால் 650. பாராசிட்டமாலை மட்டும் கூட்டிப் பாருங்கள், ஒரு வேளைக்கு 1,475 மில்லிகிராம். மூன்று வேளை போட்டால் 4,425. பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு 4,000-ஐத் தாண்டக் கூடாது, தாண்டினால் கல்லீரலுக்கு ஆபத்து. நிமிசுலைடு 12 வயதுக்குக் கீழே கொடுக்கவே கூடாது என்று 2011-லேயே நம் நாட்டில் தடை செய்த மருந்து. அதைக் கைக்குழந்தைக்காரிக்கு, யாருக்கென்று ஒரு வார்த்தை கேட்காமல் வெட்டிக் கொடுக்கிறார்கள்.

டாக்டரம்மாவிடம் அதே போட்டோக்களைக் காட்டினேன். மூன்றையும் ஓரம் வைக்கச் சொல்லிவிட்டார். வெறும் பாராசிட்டமால் 500, காய்ச்சல் இருந்தால் மட்டும், ஆறு மணி நேர இடைவெளி விட்டு. பாலில் இறங்குவது மிகமிகக் கொஞ்சம்தான். பால் கொடுத்து முடித்த கையோடு போட்டுக்கொண்டால் அடுத்த முறைக்குள் இன்னும் குறைந்துவிடும். மூக்கடைப்புக்கு உப்புத்தண்ணீர் சொட்டு மருந்து, ஆவி. மூக்கு ஒழுகினால் செட்டிரிசின் பரவாயில்லை, குளோர்ஃபெனிரமின் தாயையும் பிள்ளையையும் தூங்க வைத்துவிடும், வேண்டாம் என்றார். பால் கொடுக்கும்போது முகக்கவசம், அதற்கு முன் சோப்பு போட்டுக் கை கழுவுவது. சளி தொற்றுவது இருமல், தும்மல், கை வழியாகத்தான், பால் வழியாக இல்லை. அந்தக் கிருமிக்கு உங்கள் உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புச் சக்தி பால் வழியாகப் பிள்ளைக்கும் போகிறது. டாக்டரம்மா இதை மாமியாரிடமே நேரில் சொன்னார். அதன் பிறகு டின் பால் பேச்சு எழவில்லை.

மூக்கடைப்பு மாத்திரை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சூடோஎஃபெட்ரின் இருந்தால் தொடாதீர்கள். ஆஸ்திரேலியாவில் 2003-ல் வந்த ஒரு சிறிய ஆய்வில், 60 மில்லிகிராம் ஒரே ஒரு முறை போட்டதற்கே பால் சராசரியாக 24 சதவீதம் குறைந்தது. இங்கே அதிகம் வருவது ஃபீனைல்எஃப்ரின். வாய்வழியாகச் சாப்பிட்டால் மூக்கடைப்புக்கு அதனால் பலனே இல்லை என்று 2023-ல் அமெரிக்க மருந்துத் துறையின் நிபுணர் குழுவே சொல்லிவிட்டது. பலன் இல்லாததை ஏன் விழுங்க வேண்டும்?

இபுப்ரோஃபென் பால் கொடுப்பவர்களுக்குப் பாதுகாப்பானதுதான். ஆனால் நம் ஊரில் மழைக்காலக் காய்ச்சல் என்றால் டெங்குவாகவும் இருக்கலாம். டெங்குவில் அது ரத்தக்கசிவைக் கூட்டும், அதனால் ரத்தப் பரிசோதனை முடியும்வரை வேண்டாம். சளி, காய்ச்சலுக்கு ஆஸ்பிரின் எப்போதுமே வேண்டாம். அப்புறம், மார்பில் ஒரு பக்கம் மட்டும் சிவந்து, கல் மாதிரி கட்டி, தொட்டால் வலித்தால் அந்தக் காய்ச்சல் சளிக் காய்ச்சல் இல்லை, பால் கட்டினதால் வந்திருக்கலாம். அதற்கும் பாலை நிறுத்தாமல் டாக்டரிடம்தான் போக வேண்டும்.

கை வைத்தியத்துக்கு எதிரி என்று என்னைத் திட்டாதீர்கள். தூதுவளை ரசமும் சுக்கு மல்லிக் காபியும் நானும் குடித்தேன், தொண்டைக்கு இதமாகத்தான் இருந்தது. கற்பூரத் தைலம் மட்டும் நெஞ்சில் தேய்க்காதீர்கள். பிள்ளை முகம் அங்கேதான் வரும், கற்பூரமும் மெந்தாலும் கைக்குழந்தையின் மூச்சுக்கு ஆகாது.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அன்று டாக்டரிடம் போய்த் திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில் பாலூட்டும் அறைக்குப் பூட்டு. 2015-ல் தமிழ்நாடு முழுக்க எவ்வளவு நல்ல எண்ணத்தோடு திறந்தார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்தால் உள்ளே துடைப்பமும் பினாயில் கேனும். சாவி யாரிடம் என்று கேட்டால் ஆளுக்கொரு பக்கம் கை காட்டுகிறார்கள். காய்ச்சலோடு, துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு, டைம் கீப்பர் அறைக்குப் பின்னால் ஒதுங்கி நின்று பால் கொடுத்தேன். பால் கொடு, பால் கொடு என்று போஸ்டர் ஒட்டுகிறவர்கள் சாவியையும் யாராவது ஒரு அம்மாவிடம் கொடுத்து வைக்கலாமே.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். இருமல் சிரப் வாங்குவதாக இருந்தால் கோடீன் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் வேண்டாம். சிலர் உடம்பில் அது வேகமாக மார்ஃபினாக மாறிப் பாலில் போய்விடும், பிள்ளைக்கு மூச்சே அடங்கலாம். காய்ச்சல் மூன்று நாளைத் தாண்டினாலோ, மூச்சு வாங்கினாலோ நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஃப்ளூ என்று டாக்டர் ஒசல்டமிவிர் எழுதினால் பயப்படாதீர்கள், அதைப் போட்டுக்கொண்டும் பால் கொடுக்கலாம். பிள்ளைக்கே உடம்பு 100.4-ஐத் தொட்டாலோ, பால் குடிக்காமல் துவண்டு கிடந்தாலோ இந்தத் தளத்தில் பதிலுக்குக் காத்திருக்காமல் அந்த நிமிடமே தூக்கிக்கொண்டு ஓடுங்கள், ராத்திரியாக இருந்தாலும்.