உப்புவெளி வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கலாமா?

கேள்வி: நான் மட்டக்களப்பிலிருந்து திருகோணமலைக்கு இடமாற்றம் பெற்ற ஆசிரியை. கணவர், இரண்டு பிள்ளைகள். மாதம் 25,000 ரூபாய்க்கு மேல் வாடகை கட்ட முடியாது. உப்புவெளியில் ஒரு மேல்மாடியைப் புரோக்கர் காட்டினார். வீட்டுக்காரர் கனடாவில், மச்சான்தான் சாவி வைத்திருக்கிறார். ஆறு மாத அட்வான்ஸை இன்றைக்கே கொடுத்தால், முத்திரை ஒட்டிய தாளில் ஒரு வருடத்துக்கு எழுதித் தருவார்களாம். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம். வீடு நல்ல வீடாகவே இருக்கட்டும், அந்தத் தாள் உங்களுக்கு உதவாது.

ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை என்றால் நொத்தாரிசு (பத்திரங்களை எழுதி அத்தாட்சிப்படுத்துபவர்) முன்னால், இரண்டு சாட்சிகளோடு எழுத வேண்டும். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்திலிருந்தே இதுதான் விதி. வீட்டு மேசையில் வைத்துக் கையெழுத்துப் போட்ட தாளில் 'ஒரு வருடம்' என்று எழுதியிருந்தாலும் நீங்கள் மாத வாடகைக்காரர்தான். ஒரு மாத அறிவித்தலோடு உங்களை எழுப்பலாம். உப்புவெளி, நிலாவெளிக் கடற்கரைப் பக்கம் இது அடிக்கடி நடக்கிற கதை. மாரி மழையில் சும்மா கிடக்கும் வீட்டை நவம்பரில் உங்களுக்குத் தருவார்கள். சித்திரை வருடம் கழிந்ததும், 'மகள் வாறாள், வீடு வேணும்' என்பார்கள். மே பிறந்தால் சுற்றுலாச் சீசன். மகள் வந்தாளோ இல்லையோ, வாசலில் வெள்ளைக்காரரின் பை இருக்கும்.

அடுத்தது மச்சான். 'அத்தான் வட்ஸப்பில் சொல்லிவிட்டார்' என்பது ஆவணமாகாது. வீட்டுக்காரர் தன் சார்பில் செயற்பட எழுதிக் கொடுத்த அதிகாரப் பத்திரத்தை, அதாவது அற்றோணித் தத்துவத்தை, கேளுங்கள். அதில் வாடகைக்கு, குத்தகைக்கு விடலாம் என்று எழுதியிருக்கிறதா, இங்கே பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் உறுதியின் (வீட்டின் உரிமைப் பத்திரத்தின்) பிரதியும், உள்ளூராட்சி சபைக்குக் கட்டிய கடைசிச் சோலைவரிப் பற்றுச்சீட்டும். மூன்றிலும் ஒரே பெயர் இருக்க வேண்டும்.

இதில் ஒரு விலக்கு உண்டு. நம் பக்கத்தில் பல வீடுகள் சீதன உறுதியில் பெண்கள் பெயரில்தான் இருக்கின்றன. 'வீட்டுக்காரர்' என்று ஊர் சொல்கிறவர் வெறும் கணவராக இருக்கலாம். உறுதியில் உள்ள பெண் இங்கேயே இருந்தால் அற்றோணி தேவையில்லை, அவரே கையெழுத்திடலாம். ஆனால் உறுதி அக்கா, தங்கை இருவர் பெயரில் இருந்து, ஒருவர் கனடாவில் என்றால்? அப்போது அங்குள்ளவரின் அற்றோணியும் வேண்டும். இங்குள்ளவரின் கையெழுத்து மட்டும் போதும் என்று புரோக்கர் அடித்துச் சொல்வார். நம்பாதீர்கள்.

'இன்றைக்கே' என்கிற புரோக்கரைத்தான் எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. ஒரே சாவிக்கு மூன்று குடும்பங்கள் அட்வான்ஸ் கட்டிவிட்டு என் அலுவலகத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்ததைப் பார்த்தவன் நான். மூவரிடமும் பற்றுச்சீட்டு இல்லை. குத்தகை முடிந்தும் வெளியேறாதவரை எழுப்ப 2023இல் ஒரு தனிச் சட்டமே கொண்டுவந்தார்கள். குடியிருந்தவர் தன் அட்வான்ஸைத் திரும்ப வாங்கப் போனால் மட்டும் அதே பழைய வழக்கு, அதே தவணை, அதே 'அடுத்த மாதம் வாங்கோ'.

கரண்ட் மீற்றர் தனியா என்றும் கேளுங்கள். கீழ்வீட்டோடு ஒரே மீற்றர் என்றால் இருவரின் யூனிட்டும் சேர்ந்து கட்டணம் மேல் படிக்கு ஏறும். 180 யூனிட்டைத் தாண்டினால் கடைசிப் படி.

உங்கள் தொகைக்குக் கடற்கரையை விட்டுக் கொஞ்சம் உள்ளே, பாலையூற்று, அன்புவழிபுரம், ஆண்டாங்குளம் பக்கம் தேடுங்கள். புரோக்கரை விடப் பாடசாலை ஆசிரியர் அறை நல்ல இடம்: வருட இறுதி இடமாற்றத்தில் யார் வீடு விடுகிறார் என்று அங்கேதான் முதலில் தெரியும். பிடித்த வீடு கிடைத்தால் ஒரு மாத வாடகையை மட்டும் கொடுத்து, பெயர், திகதி, அடையாள அட்டை இலக்கம் எழுதிய பற்றுச்சீட்டு வாங்குங்கள். மீதியை நொத்தாரிசின் மேசையில் வைத்துக் கொடுக்கலாம்.