பன்னிரண்டு கொம்பியூட்டருக்கு ஒரே இமேஜ் போடலாமா?

உப்புவெளியில் கணக்காய்வு அலுவலகம் நடத்தும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "எங்களிடம் 12 கொம்பியூட்டர்கள் இருக்கின்றன. எட்டு பிராண்ட் மெஷின், வாங்கும்போதே வின்டோஸ் 11 புரோ இருந்தது. மற்ற நான்கும் டவுனில் அசெம்பிள் செய்து வாங்கியவை, வின்டோஸ் இல்லை. ஒரு மெஷினை முழுதாகத் தயார் செய்து, அதையே குளோன் பண்ணி எல்லாவற்றுக்கும் போட்டுத் தருகிறேன், வின்டோசும் ஒபிசும் அக்டிவேட் ஆகியே இருக்கும், மெஷினுக்கு 2500 ரூபா என்கிறார் ஒருவர். பிறகு ஏதும் பிரச்சினை வருமா?"

காசு இன்னும் கொடுக்கவில்லை என்றால் கொடுக்காதீர்கள்.

குளோன் பண்ணுவதில், அதாவது ஒரு மெஷினின் ஹார்ட் டிஸ்கை அப்படியே கொப்பி எடுத்து (அந்தக் கொப்பிதான் இமேஜ்) மற்றவற்றில் போடுவதில் பிழை இல்லை, குளோன்சில்லா போன்ற இலவச மென்பொருளை வைத்தே ஒரு பின்னேரத்தில் முடித்துவிடலாம். ஆனால் ஹார்ட் டிஸ்கைக் கொப்பி பண்ணினால் வின்டோஸ்தான் கொப்பியாகும், அதைப் பாவிக்கிற உரிமை கூடவே வராது. காணி உறுதியைப் பன்னிரண்டு போட்டோக்கொப்பி எடுத்தால் பன்னிரண்டு காணி கிடைக்குமா? மெஷினுக்கு ஒரு லைசன்ஸ், அவ்வளவுதான் கணக்கு. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் மென்பொருளுக்கும் பொருந்தும், நீங்களோ மற்றவர்களின் கணக்கைச் சரிபார்க்கிற ஆள்.

உங்கள் எட்டு பிராண்ட் மெஷின்களின் லைசன்சும் அந்தந்த மெஷினோடு ஒட்டியது, அக்டிவேட் பண்ணும் இலக்கமான கீ, மதர்போர்டின் பயோசுக்குள்ளேயே இருக்கும். இதில் பலரும் வழுக்கி விழும் ஓர் இடம் உண்டு. எட்டுக்கும் தனித்தனி லைசன்ஸ் இருந்தாலும், ஒன்றில் கம்பனி போட்டு அனுப்பிய வின்டோசை இமேஜ் எடுத்து மற்ற ஏழிலும் போட மைக்ரோசொப்ட் அனுமதிப்பதில்லை. காசு கட்டியவருக்கே இப்படி ஒரு முட்டுக்கட்டை, ஏன் என்று கேட்டால் வாசித்து விளங்காத இருபது பக்கத்தைக் காட்டுவார்கள்.

அதற்கு ஒரு விலக்கு இருக்கிறது, இதைக் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள். வொல்யூம் லைசன்ஸ் என்று நிறுவனங்களுக்கு விற்கும் ஒரு வகை உண்டு. அந்த வகையில் வின்டோஸ் 11 புரோ ஒன்றே ஒன்று வாங்கி வைத்திருந்தால் போதும், அதனோடு வரும் வின்டோசை இமேஜ் ஆக்கி, ஏற்கெனவே லைசன்ஸ் உள்ள மற்ற மெஷின்களிலும் போடலாம். எட்டுக்கு எட்டு வாங்கத் தேவையில்லை. ஆனால் மெஷினில் முதலே இருந்த பதிப்பும் நீங்கள் போடும் பதிப்பும் ஒன்றாக இருக்க வேண்டும், ஹோம் பதிப்பு வந்த மெஷினில் புரோ இமேஜ் போட முடியாது. இன்னொன்று, வொல்யூம் லைசன்ஸ் வின்டோஸ் என்பது அப்கிரேட் மட்டும்தான், கீழே ஒரு முழு வின்டோஸ் லைசன்ஸ் இருந்தால்தான் அது செல்லும். ஆகவே உங்கள் நான்கு அசெம்பிள் மெஷினையும் அது காப்பாற்றாது, அவற்றுக்கு முழு லைசன்ஸ் நான்கு வாங்கியே ஆக வேண்டும். இதைச் சொல்லாமல் "வொல்யூம் ஒன்று எடுத்தால் எல்லாவற்றுக்கும் சரி" என்று பில் போடுபவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். சரி, அந்த ஒன்றை முறையாக வாங்கலாம் என்று கொழும்புக்கு அழைத்தால், ஒன்று இரண்டு என்றவுடன் விலை அனுப்பக்கூட ஆள் இல்லை. ஐம்பது மெஷின் இருந்தால் கார் எடுத்து வருவார்கள்.

இனி உங்கள் 2500 ரூபாக்காரரிடம் வருவோம். அவர் செய்யப்போவது பெரும்பாலும் கேஎம்எஸ் எனப்படும் அக்டிவேஷனின் போலி. கேஎம்எஸ் என்பது பெரிய நிறுவனங்கள் தங்கள் சொந்த சர்வர் ஒன்றை வைத்து எல்லா மெஷினையும் அக்டிவேட் பண்ணும் முறை. உண்மையான கேஎம்எஸ் சர்வர் வின்டோசை அக்டிவேட் பண்ணக் குறைந்தது 25 மெஷின் அதைத் தொடர்புகொள்ள வேண்டும், உங்களிடம் இருப்பதே 12. அதனால் உங்கள் அலுவலகத்தில் "கேஎம்எஸ் போட்டிருக்கிறேன்" என்றால் அது கள்ளம்தான், வேறு விளக்கம் கேட்டு நேரத்தை வீணாக்காதீர்கள். நீங்களே பார்க்கவும் வழி உண்டு. வின்டோஸ் பட்டனையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அமத்தி, வரும் பெட்டியில் எஸ்எல்எம்ஜிஆர் என்று ஆங்கிலத்தில் அடித்து, ஓர் இடைவெளி விட்டு, சாய்கோடு போட்டு, எக்ஸ்பிஆர் அடியுங்கள் (slmgr /xpr). உங்கள் பிராண்ட் மெஷினில் நிரந்தரமாக அக்டிவேட் ஆகியிருக்கிறது என்று வரும். ஒரு முடிவுத் திகதி வந்தால் அது பெரும்பாலும் கேஎம்எஸ், 180 நாளுக்குத்தான் செல்லும்.

கிண்ணியாவில் ஓர் அலுவலகத்தில் இப்படித்தான், திடீரென்று எல்லாத் திரையும் கறுத்து "அக்டிவேட் பண்ணு" என்று நின்றது. போய்ப் பார்த்தால், போலி அக்டிவேட்டரைப் பிடித்துவிடும் என்று வின்டோசின் அன்டிவைரசான டிபெண்டரையே நிறுத்தி வைத்துவிட்டுப் போயிருக்கிறார் அந்த ஆள். அவர்களின் சம்பளப் பட்டியல், வங்கி விபரம் எல்லாம் மாதக்கணக்காகக் கதவு திறந்த வீட்டில் கிடந்திருக்கிறது. அவருடைய போன் அதற்குப் பிறகு வேலை செய்யவே இல்லை. இணையத்தில் மலிவாக விற்கும் கீயும் பெரும்பாலும் இந்த ரகம்தான், வேறு யாரோ நிறுவனத்தின் கீயைக் கசியவிட்டுப் பலருக்கு விற்பார்கள், ஒருநாள் அது செத்துவிடும்.

நீங்கள் முறையாகவே குளோன் பண்ணினாலும், இமேஜ் எடுக்கும் முன் வின்டோசோடு வரும் சிஸ்பிரெப் என்ற கருவியை ஓடவிட்டு ஜெனரலைஸ் பண்ண, அதாவது அந்த மெஷினுக்கே உரிய அடையாளங்களை நீக்கச் சொல்லுங்கள். செய்யாவிட்டால் எல்லா மெஷினுக்கும் உள்ளே ஒரே அடையாள எண் இருக்கும். முன்பு அது பெரிதாகத் தொந்தரவு தரவில்லை, 2025 ஓகஸ்ட் கடைசிக்குப் பிறகு வந்த வின்டோஸ் 11 அப்டேட்டுகள் அதைக் கண்டுபிடித்துத் தடுக்கின்றன, கடவுச்சொல் சரியாக அடித்தாலும் அடுத்த மெஷினில் ஷெயார் பண்ணிய போல்டர் திறக்காது. ஒபிசையும் அக்டிவேட் பண்ணிய நிலையில் இமேஜுக்குள் வைக்க வேண்டாம், பிறகு ஒவ்வொன்றாக அந்தந்த லைசன்சில் போடுங்கள். அன்டிவைரசும் அப்படியே.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் குளோன் பக்கமே போகமாட்டேன். எட்டு மெஷினுக்கும் மைக்ரோசொப்ட் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் வின்டோசைப் பென்டிரைவில் எடுத்துத் தனித்தனியே போட்டால், பயோசில் உள்ள கீயை அதுவே எடுத்து அக்டிவேட் ஆகிவிடும், இரண்டு நாள் வேலை. நான்கு அசெம்பிள் மெஷினுக்கும் லைசன்ஸ் வாங்கும்போது பில்லில் "வின்டோஸ் 11 புரோ, 4" என்று எழுதி வாங்குங்கள், "சொப்ட்வெயார் இன்ஸ்டோலேஷன்" என்று மட்டும் எழுதினால் அந்தப் பில்லை வாங்காதீர்கள். இப்போதைக்கு அவ்வளவு காசு இல்லை என்றால், கடிதம் அடிக்கவும் மின்னஞ்சல் பார்க்கவும் மட்டும் பாவிக்கும் மெஷினுக்கு வின்டோசுக்கும் ஒபிசுக்கும் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் உபுண்டுவும் லிப்ரே ஒபிசும் போட்டுவிடலாம், அந்த இமேஜை எத்தனை மெஷினுக்கும் குளோன் பண்ணுங்கள், யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். உங்கள் கணக்கு மென்பொருள் வின்டோசில் மட்டும் ஓடுமா என்பதை முதலில் ஒருக்கால் கேட்டுப் பார்த்துவிட்டு எந்த மெஷினுக்கு எது என்று பிரியுங்கள்.