விடுமுறைக்கு எந்த ஊர், எந்த அறை? சிங்கப்பூர் வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: நாங்கள் ஆறு பேர். நான், கணவர், 13 வயது மகள், 8 வயது மகன், மாமனார், முழங்கால் வலியோடு மாமியார். டிசம்பர் பள்ளி விடுமுறையில் ஐந்து நாள் எங்காவது போகலாம் என்று பேச ஆரம்பித்து, அது சண்டையில் வந்து நிற்கிறது. கணவர் தியோமான் தீவு என்கிறார். மகளுக்கு பேங்காக். மாமியாருக்குக் கோயில் உள்ள ஊர் எதுவானாலும் சரி. எனக்கு அடுப்படி பக்கம் போகாமல் இருந்தால் போதும். எப்படி முடிவெடுப்பது?
— ஈசூன் வாசகி

பதில்: தியோமானை முதலில் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். கணவர் கோபித்துக்கொண்டால் மழைமேல் பழி போடலாம். நவம்பரில் தொடங்கி பிப்ரவரி வரை வடகிழக்குப் பருவமழை மலேசியாவின் கிழக்குக் கரையைப் போட்டு அடிக்கும். தியோமான், ரெடாங், பெர்ஹெந்தியான் தீவுகளில் பல விடுதிகள் அந்த மாதங்களில் கதவைச் சாத்திவிடும். படகு ஓடுமா என்பதும் அன்றன்றைய கடலைப் பொறுத்தது. டிசம்பரில் அங்கே பாதி விலைக்கு அறை கிடைக்கிறது என்று யாராவது காட்டினால், அந்த மலிவுக்குக் காரணம் இதுதான்.

கடற்கரைதான் வேண்டுமென்றால் அதே டிசம்பரில் மேற்குக் கரையில் லங்காவி நன்றாக இருக்கும். தாய்லாந்திலும் இப்படித்தான். புக்கெட்டுக்கு நவம்பர் முதல் ஏப்ரல் வரை நல்ல காலம், ஆனால் எதிர்ப்பக்கக் கடலில் உள்ள கோ சமுயில் ஆண்டிறுதியில் கொட்டும். பாலிக்கு ஆண்டிறுதி மழைக்காலம். இலங்கைக்குப் போவதானால் டிசம்பரில் காலி, பெந்தோட்டைப் பக்கம் போக வேண்டும். திருகோணமலைக் கடலை மே முதல் செப்டம்பருக்குள் பார்க்க வேண்டும். ஆகவே நாட்டின் பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள். எந்தக் கரை, எந்த மாதம் என்று பாருங்கள்.

அடுத்து, வீட்டில் யாரிடமும் “எங்கே போகலாம்?” என்று கேட்காதீர்கள். ஆளுக்கொரு ஊர்ப் பெயர்தான் வரும். “அங்கே காலை பத்து மணிக்கு என்ன செய்துகொண்டிருக்க ஆசை?” என்று கேட்டுப் பாருங்கள். கணவர் தண்ணீரில் கால் நனைக்க வேண்டும் என்பார், மகள் கடை கடையாக ஏறி இறங்க வேண்டும் என்பாள், மாமியார் சந்நிதியில் நிற்க வேண்டும் என்பார். இவை ஒரே ஊரில் நடக்கக்கூடியவைதான்.

ஊரை அளக்க வேண்டியது மாமியாரின் முழங்காலை வைத்து. குடும்பத்தில் யாருக்கு நடை சிரமமோ அவருக்கு ஒத்துவரும் ஊர் மற்றவர்களுக்கும் ஒத்துவரும். அவரை அறையில் உட்கார வைத்துவிட்டு மற்றவர்கள் ஊர் சுற்றினால், மூன்றாம் நாள் யார் முகத்திலும் சிரிப்பு இருக்காது.

என்னைக் கேட்டால் பினாங்கு. அங்கே அக்டோபரோடு பெருமழை குறையத் தொடங்கிவிடும். விமானத்தில் ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஆனால் ஈசூன் வீட்டுக் கதவைப் பூட்டியதிலிருந்து விடுதி அறைக் கதவைத் திறப்பது வரை ஆறு மணி நேரம் என்று கணக்கு வையுங்கள். பேருந்து மலிவுதான், இரவு முழுக்க உட்கார்ந்து போக மாமியாருடைய முழங்கால் ஒப்புக்கொள்ளாது.

தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகள், அது அவருக்கு ஆகாது. பினாங்கு மலைக்கு 1923-லிருந்து ரயில் ஓடுகிறது. அதில் உட்கார்ந்தபடியே மேலே போனால் அங்கேயும் முருகன் இருக்கிறார், அருளொளித் திருமுருகன் கோயில். விடுமுறைக் கூட்டத்தில் வரிசை நீளும், காலையிலேயே கிளம்பிவிடுங்கள். ஜார்ஜ் டவுன் குயின் ஸ்திரீட் மாரியம்மன் கோயிலும் லிட்டில் இந்தியாவும் அடுத்தடுத்து இருப்பதால் சாப்பாட்டுக்கும் அலைய வேண்டாம். கணவருக்கு பத்து ஃபெரிங்கி கடற்கரை. பேங்காக்கை நீங்களும் மகளும் மட்டும் போகும் இன்னொரு பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அறை விஷயத்தில் கவனம். ஜார்ஜ் டவுனின் பழைய கடைவீடுகளை அழகான விடுதிகளாக மாற்றியிருக்கிறார்கள். படத்தில் பார்த்தால் விடமாட்டீர்கள். ஆனால் பலவற்றில் மின்தூக்கி கிடையாது, செங்குத்தான மரப்படிதான். முன்பதிவுக்கு முன் விடுதிக்கே தொலைபேசியில் அழைத்து மூன்று கேள்வி கேளுங்கள். அறைவரை மின்தூக்கி போகுமா? குளியலறையில் தொட்டிக்குள் ஏறி நின்று குளிக்க வேண்டுமா, தரையிலேயே நின்று குளிக்கலாமா? இரண்டு அறைகளுக்கு நடுவே கதவு உண்டா? இணையத்தில் “வேண்டுகோள்” பெட்டியில் எழுதிவைப்பது வேண்டுகோள்தான், உறுதி அல்ல. பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள்.

தேதியிலும் காசு மிச்சம் பிடிக்கலாம். ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறை ஏறக்குறைய ஆறு வாரம். கிறிஸ்துமஸை ஒட்டிய நாட்களில் எகிறும் விலை, நவம்பர் கடைசி வாரத்தில் அவ்வளவு எகிறாது. கணவருக்கு அப்போது விடுப்புக் கிடைக்குமா என்று இப்போதே கேட்டு வையுங்கள்.

கேள்வி: ஒரே விடுதிக்கு ஒவ்வோர் இணையத்தளத்திலும் ஒரு விலை. மலிவானதை எடுத்தால் கடைசிப் பக்கத்தில் தொகை கூடிவிடுகிறது. எதை நம்புவது?
— புங்கோல் வாசகர்

பதில்: முதல் பக்கத்து விலையை எங்கேயும் நம்ப வேண்டாம். பணம் கட்டும் பக்கம்வரை போய், அங்கே நிற்கும் தொகைகளை மட்டும் ஒப்பிடுங்கள். நம் ஊரிலேயே 200 வெள்ளி என்று போட்டுப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால், 10 விழுக்காடு சேவைக் கட்டணம் சேர்ந்து 220 ஆகும். அதன்மேல் 9 விழுக்காடு ஜிஎஸ்டி சேர்ந்து 239 வெள்ளி 80 காசு. கிட்டத்தட்ட நாற்பது வெள்ளி அந்த இரண்டு குறிகளுக்குள் ஒளிந்திருக்கிறது.

மலேசியாவில் வெளிநாட்டவருக்குச் சுற்றுலா வரி, ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட். இதைப் பெரும்பாலும் முகப்பில்தான் கேட்பார்கள். இரண்டு அறை, நான்கு இரவு என்றால் 80 ரிங்கிட். பாலிக்கு 2024 பிப்ரவரியிலிருந்து வெளிநாட்டுப் பயணி ஆளுக்கு 150,000 ரூப்பியா கட்ட வேண்டும். அது எந்த அறை விலையிலும் தெரியாது.

பத்துத் தளங்களைப் பார்த்தேன் என்று பலர் சொல்கிறார்கள். புக்கிங் டாட் காமும் அகோடாவும் ஒரே குழுமத்துப் பிள்ளைகள். எக்ஸ்பீடியாவும் ஹோட்டல்ஸ் டாட் காமும் இன்னொரு குழுமத்துப் பிள்ளைகள். குழுமத்துக்கு ஒன்று பார்த்துவிட்டு, விடுதியின் சொந்தத் தளத்தையும் பாருங்கள். பிறகு விடுதிக்கே அழைத்து, “இந்த விலைக்குத் தருவீர்களா, காலை உணவு சேர்ப்பீர்களா?” என்று கேட்பதில் வெட்கமில்லை. தேக்கா சந்தையில் மீனுக்குப் பேரம் பேசுகிறோம், அறைக்குப் பேசக் கூடாதா?

இரண்டு இடத்தில் கை தவறிக் காசு போகும். ஒன்று, “பணம் திரும்பாது” என்ற மலிவு விலை. சின்னப் பிள்ளைகளும் முதியவர்களும் உள்ள வீட்டில் காய்ச்சல் எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்? வித்தியாசம் பத்து, பதினைந்து விழுக்காடுதான் என்றால், ரத்துசெய்யக்கூடிய அறையையே எடுங்கள். ரத்துக் கெடு விடுதி இருக்கும் ஊரின் நேரப்படியா என்றும் பாருங்கள். மற்றொன்று, வெளிநாட்டில் அட்டையைத் தேய்க்கும்போது “சிங்கப்பூர் வெள்ளியிலேயே கட்டுகிறீர்களா?” என்று கனிவாகக் கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்லி அந்த ஊர்ப் பணத்திலேயே கட்டுங்கள். அந்தக் கனிவுக்குள் இருக்கும் மாற்று விகிதம் பெரும்பாலும் உங்கள் வங்கி தருவதைவிட மோசமாக இருக்கும்.

கேள்வி: 8.7 மதிப்பெண், ஆயிரக்கணக்கான விமர்சனங்கள் என்று பார்த்துத்தான் எடுத்தோம். போனால் பக்கத்தில் கட்டட வேலை, காலை ஏழு மணிக்கே துளை போடும் சத்தம். விமர்சனத்தை எப்படித்தான் படிப்பது?
— தோ பாயோ வாசகி

பதில்: சராசரி என்பது பல ஆண்டுகளின் கூட்டு. கட்டட வேலை தொடங்கியது போன மாதமாக இருக்கலாம். அதனால் “புதியவை முதலில்” என்று மாற்றிக்கொண்டு கடைசி இரண்டு மூன்று மாதத்தை மட்டும் படியுங்கள். பத்துக்குப் பத்து போட்டவரும் ஒன்று போட்டவரும் உணர்ச்சிவசப்பட்டவர்கள். ஐந்து, ஆறு, ஏழு போட்டவர்கள்தான் நின்று நிதானித்து எழுதுவார்கள். ஒரே குறையை முன்பின் தெரியாத மூன்று பேர் சொன்னால் அது உண்மை. “மின்தூக்கிக்குக் காத்திருந்தோம்” என்று ஒருவர் எழுதினால் விட்டுவிடலாம், திரும்பத் திரும்ப வந்தால் விடக் கூடாது.

விடுதி போட்ட படத்தைவிடத் தங்கியவர்கள் எடுத்த படங்களைப் பாருங்கள். கூகல் வரைபடத்தில் தெருக் காட்சி இருந்தால் வாசலில் நின்று இரண்டு பக்கமும் திரும்பிப் பாருங்கள். இரவு ஒன்பது மணிக்குப் பிள்ளைகளோடு சாப்பிட்டுவிட்டு நடந்து திரும்பக்கூடிய தெருவா என்பது அங்கே தெரிந்துவிடும். நட்சத்திரக் கணக்கை உலகமெங்கும் ஒரே அளவுகோல் என்று நினைக்க வேண்டாம். நாட்டுக்கு நாடு விதி வேறு.

கேள்வி: வெளிநாடு வேண்டாம், இங்கேயே ஒரு கொண்டோவை (தனியார் அடுக்குமாடி வீட்டை) இரண்டு இரவுக்கு எடுத்துத் தங்கலாம் என்கிறார் நண்பர். நீச்சல் குளமும் உண்டாம். செய்யலாமா?
— ஹவ்காங் வாசகர்

பதில்: வேண்டாம். சிங்கப்பூரில் தனியார் வீடுகளைக் குறைந்தது மூன்று மாதத்துக்கும், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளைக் குறைந்தது ஆறு மாதத்துக்கும்தான் வாடகைக்கு விடலாம். இரண்டு இரவுக்கு விடுவது சட்டவிரோதம். வாயிற்காவலர் உள்ளே விடாமல் திருப்பி அனுப்பினால் பணத்தை யாரிடம் கேட்பீர்கள்?

கேள்வி: எக்ஸ்போவில் நடக்கும் பயணக் கண்காட்சியில் ஒரு சுற்றுலாத் தொகுப்புக்கு முன்பணம் கட்டச் சொல்கிறார்கள். இன்றைக்கு மட்டும்தான் இந்த விலையாம். பாதுகாப்பா?
— உட்லண்ட்ஸ் வாசகர்

பதில்: அந்த “இன்றைக்கு மட்டும்” நாளைக்கும் இருக்கும். முதலில் நிறுவனத்தின் உரிம எண்ணைக் குறித்துக்கொண்டு, பயணத்துறைக் கழகத்தின் இணையத்தளத்தில் உரிமம் நடப்பில் இருக்கிறதா என்று அங்கேயே கைப்பேசியில் பாருங்கள். பயனீட்டாளர் சங்கம் தரும் கேஸ்டிரஸ்ட் அங்கீகாரம் இருந்தால் கூடுதல் நல்லது. முன்பணத்தைக் கடன் அட்டையில் கட்டுங்கள். பயணம் நடக்காமல் போனால் வங்கி வழியாகப் பணத்தைக் கேட்க ஒரு வழி இருக்கும். பயணக் காப்புறுதியைப் புறப்படும் முந்தைய நாள் வாங்காதீர்கள். முன்பணம் கட்டும் அன்றே வாங்குங்கள், பயண நிறுவனம் நொடித்துப்போனால் இழப்பீடு உண்டா என்றும் கேட்டு வாங்குங்கள்.

நிகழ்ச்சி நிரலை வரி வரியாகப் படியுங்கள். “ரப்பர் மெத்தைக் கூடம்”, “நகைத் தொழிற்கூடம்” என்று வந்தால் அவை கடைகள். மலிவுத் தொகுப்பின் செலவை அங்கேதான் ஈடுகட்டுவார்கள். தகராறு வந்தால் பயனீட்டாளர் சங்கத்தை நாடலாம். அதிலும் தீராவிட்டால் சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் 20,000 வெள்ளி வரையிலான வழக்கை இரண்டு ஆண்டுக்குள் தொடரலாம். வழக்கறிஞர் வைக்கத் தேவையில்லை. ரசீதும் வாட்ஸ்அப் உரையாடலும் பத்திரமாக இருக்கட்டும்.

கேள்வி: மே மாதம் ஊருக்குப் போகிறோம். திருச்சியில் இறங்கி, உறவினர்களைப் பார்த்துவிட்டுக் கொடைக்கானலில் இரண்டு நாள். கவனிக்க வேண்டியது என்ன?
— செங்காங் வாசகி

பதில்: மே மாதம் தமிழ்நாடே மலையேறும். சென்னை உயர்நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் வாகனங்களுக்கு இ-பாஸ் (இணையத்தில் எடுக்கும் அனுமதிச் சீட்டு) வேண்டும். 2025 கோடையில் கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000, வாரயிறுதியில் 6,000 வாகனம் என்று உச்சவரம்பும் வைத்தார்கள். வாடகைக் கார் ஓட்டுநரிடம் “பாஸ் எடுத்தாச்சா தம்பி?” என்று முதல் நாளே கேளுங்கள். முடிந்தால் செவ்வாய், புதனில் போங்கள்.

திருச்சியில் விமானம் நள்ளிரவில் இறங்கினால் அறை விஷயத்தில் ஒரு சிக்கல். பகல் பன்னிரண்டுக்கோ இரண்டுக்கோதான் அறை தருவார்கள். விடியும்வரை முதியவர்களை வரவேற்பறை நாற்காலியில் உட்கார வைப்பதைவிட முந்தைய இரவுக்கும் சேர்த்துப் பதிவு செய்துவிடுவது மேல். எத்தனை மணிக்கு வருவோம் என்பதையும் விடுதிக்குச் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால், நீங்கள் வரவில்லை என்று நினைத்து அறையை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள்.

இன்னொன்று, சிங்கப்பூர்க் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு. இந்தியாவில் வெளிநாட்டவர் தங்கினால் விடுதிக்காரர் 24 மணி நேரத்துக்குள் அவருடைய விவரத்தை அரசிடம் பதிய வேண்டும். இதைச் ‘சி’ படிவம் என்று சொல்வது வழக்கம். அந்த ஏற்பாடு இல்லாத சின்ன லாட்ஜுகளும் வீட்டு விடுதிகளும் நம்மைப் பார்த்துத் தமிழில் பேசி, கடவுச்சீட்டைப் பார்த்ததும் அறை இல்லை என்றுவிடும். முன்பதிவு செய்யும்போதே “நாங்கள் வெளிநாட்டுக் கடவுச்சீட்டு, சி படிவம் போடுவீர்களா?” என்று கேட்டுவிடுங்கள்.