ஸ்போர்ட்ஸ் ரிம் (அலாய் வீல்) வாங்கப் போகிறீர்களா? கேட்டதும் சொன்னதும்

டயர் கடையிலும் ரிம் கடையிலும் கை கறுக்க வேலை பார்த்தவன் என்பதால் ரிம் பற்றி எதுவானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். கோலாலம்பூர் வட்டாரத்திலிருந்து கேள்விகள் குவிந்துவிட்டன. ஒவ்வொன்றுக்கும் முன்னால் கேட்டவரின் ஊரும் காடியும் (காரும்) இருக்கும். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. உங்கள் காடியின் பிசிடி, செண்டர் போர், ரிம் அகலம், ஆஃப்செட் இந்த நான்கும் தெரியாமல் கடைக்குள் கால் வைக்காதீர்கள், ஒவ்வொன்றும் என்ன என்று கீழே சொல்கிறேன். டிசைனும் கலரும் அப்புறம்தான்.

செந்தூல், பெரோடுவா மைவி 1.3: அண்ணே, கம்பெனி 14 இன்ச் ரிம் சின்னதாகத் தெரிகிறது. நண்பன் 17 போட்டிருக்கிறான், பார்க்க செம்மையாக இருக்கிறது. நானும் போடலாமா?

போடலாம் தம்பி. ஆனால் என் காடியாக இருந்தால் போட மாட்டேன். கணக்கைப் பாருங்கள். உங்கள் 175/65 ஆர்14 (அகலம் 175 மி.மீ., சுவர் உயரம் அதில் 65 சதவீதம், ரிம் 14 இன்ச்) டயரின் மொத்த விட்டம் 583 மி.மீ. 185/55 ஆர்15 போட்டால் 584, 195/45 ஆர்16 போட்டால் 582, 195/40 ஆர்17 போட்டால் 588. எல்லாமே கிட்டத்தட்ட ஒன்றுதான், ஸ்பீட் மீட்டர் பெரிதாகப் பொய் சொல்லாது, மட்காட்டுக்குள்ளும் அடங்கிவிடும். அதனால்தான் கடைக்காரர் "எல்லாம் ஓகே" என்கிறார். அவர் சொல்லாமல் விடுவது டயரின் சுவர் உயரத்தை. 14ல் அது 114 மி.மீ. 15ல் 102, 16ல் 88, 17ல் வெறும் 78. எம்ஆர்ஆர்2 வட்டச் சாலையில் லோரி ஓடி ஓடிப் பெயர்ந்த இடது லேன், மழை பெய்து தண்ணீர் நின்றால் குழி எது தரை எது என்றே தெரியாத ஜாலான் ஈப்போ சாலை, இங்கெல்லாம் ரிம்மைக் காப்பாற்றுவது அந்தச் சுவர்தான். உங்கள் நண்பனிடம் இதுவரை எத்தனை ரிம் நெளிந்தது என்று தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள். மைவி 1.5க்குக் கம்பெனியே 15 இன்ச்தான் கொடுக்கிறது, 185/55. அதையே போடுங்கள். ஆசை அடங்கவில்லை என்றால் 16 வரை. அதற்கு மேல் போனால் காசு ரிம்முக்குப் போகாது, ரிம் நிமிர்த்துபவனுக்குப் போகும்.

காஜாங், ஹோண்டா சிட்டி: நாலு ஓட்டை ரிம் எல்லாம் ஒன்றுதான், எதுவும் ஏறும் என்று ஒரு கடையில் சொன்னார்கள். உண்மையா?

பாதி உண்மை. பாதி உண்மைதான் ஆபத்து. மைவி, ஆக்சியா, பெஸ்ஸா, சாகா, சிட்டி, பழைய வியோஸ் எல்லாம் பிசிடி 4×100. அதாவது நாலு ஓட்டைகளின் மையத்தைச் சேர்த்து ஒரு வட்டம் போட்டால் அதன் விட்டம் 100 மி.மீ. பழைய காடிகள் சிலவற்றில் 4×114.3 வரும். அதுவும் நாலு ஓட்டைதான், ஆனால் உங்கள் காடியில் ஏறாது, ஏற்றவும் விடாதீர்கள்.

பிசிடி பொருந்திய பிறகு பார்க்க வேண்டியது நடு ஓட்டை, செண்டர் போர். காடியில் சக்கரம் மாட்டும் மையமான ஹப் நுழைகிற ஓட்டை அது. பெரோடுவாவுக்கும் பழைய வியோஸுக்கும் 54.1 மி.மீ., உங்கள் சிட்டிக்கு 56.1. அதனால் மைவியின் ஒரிஜினல் ரிம் சிட்டியில் உட்காரவே உட்காராது. சிட்டி ரிம் மைவியில் ஏறும், ஆனால் சுற்றிலும் ஒரு மில்லிமீட்டர் இடைவெளி நிற்கும். கடையில் விற்கும் ரிம்களோ எல்லாக் காடிக்கும் ஆகட்டும் என்று பெரும்பாலும் 73.1ல் வருகின்றன. அந்த இடைவெளியை நிரப்பத்தான் ஹப் ரிங் என்று ஒரு வளையம் இருக்கிறது. நாலும் சேர்த்து ஒரு சாப்பாட்டுக் காசுதான், ஆனால் கேட்டால் மட்டும்தான் போடுவார்கள். அது இல்லாமல் 80, 90ல் ஸ்டியரிங் நடுங்க ஆரம்பிக்கும், நீங்களும் பேலன்சிங் பேலன்சிங் என்று கடை கடையாக அலைவீர்கள். சிட்டிக்கு 73.1க்கு 56.1 ரிங் என்று எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்.

காஜாங், அதே சிட்டி: அப்படியே நட்டும் மாற்ற வேண்டுமா? பழைய நட்டு நன்றாகத்தானே இருக்கிறது?

மாற்றியே ஆக வேண்டும், இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். ஹோண்டாவின் ஒரிஜினல் நட்டு ரிம்மில் உட்காரும் இடம் உருண்டையாக இருக்கும். வெளியில் வாங்கும் ரிம்முக்கு வேண்டியது கூம்பு வடிவ நட்டு, 60 டிகிரி. உருண்டை நட்டைக் கூம்புக் குழியில் முறுக்கினால் முழுதாகப் பதியாமல் ஒரு மெல்லிய கோட்டில் மட்டும் தொட்டு நிற்கும். முறுக்கும்போது டைட்டாகத்தான் தெரியும், ஓட ஓட லூசாகும். டொயோட்டா ஒரிஜினல் ரிம் சிலவற்றுக்கு வாஷர் வைத்த தட்டை நட்டு, அதுவும் இதே கதைதான். மரை எம்12×1.5, உங்கள் சிட்டிக்கும் மைவிக்கும் அதுவே.

இன்னொன்று, காற்றுத் துப்பாக்கியை வைத்து டர்ர்ர் என்று அடித்துவிட்டு முடிந்தது என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். முறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரென்ச் எடுக்கச் சொல்லுங்கள். இந்த அளவுக் காடிகளுக்கு 100 முதல் 110 நியூட்டன் மீட்டர். ஒரு 50, 100 கிலோமீட்டர் ஓடியதும் திரும்பப் போய் மறுபடி முறுக்கிப் பார்க்க வேண்டும். புது ரிம்மில் பெயின்ட் அமுங்கி நட்டு இளகும்.

பத்து கேவ்ஸ்: ஆஃப்செட் என்றால் என்ன? டயர் வெளியே தள்ளி நின்றால் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) பிடிப்பார்களா?

பிடிப்பார்கள். ஸ்போர்ட்ஸ் ரிம் போடுவது குற்றமில்லை, டயர் மட்காட்டைத் தாண்டி வெளியே நீட்டுவதுதான் குற்றம். ரோட் பிளாக்கில் தூரத்திலிருந்தே கண்ணில் படுகிற முதல் விஷயமும் அதுதான்.

ஆஃப்செட் என்பது ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து, அது ஹப்பில் ஒட்டும் முகம் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்ற கணக்கு. ஈடி 45 என்று போட்டிருந்தால் அந்த முகம் நடுவிலிருந்து 45 மி.மீ. வெளிப்பக்கம் இருக்கிறது. எண் குறையக் குறைய ரிம் வெளியே வரும். நிறைய பேர் ஆஃப்செட்டை மட்டும் பார்த்துவிட்டு அகலத்தை மறந்துவிடுகிறார்கள். உதாரணத்துக்கு, இப்போது உங்களுடையது 5.5ஜே (அகலம் 5.5 இன்ச்) ஈடி 45, கடையில் காட்டுவது 7ஜே ஈடி 35 என்று வையுங்கள். ஒன்றரை இன்ச் அகலம் கூடியதில் பக்கத்துக்கு 19 மி.மீ., ஆஃப்செட் குறைந்ததில் 10, ஆக வெளியே 29 மி.மீ. வரும். உள்ளே 9 மி.மீ. போகும், அந்த 9ல் அப்சார்பரைத் தொடுமா என்பதும் பார்க்க வேண்டும். வெறும் ரிம்மை மாட்டித் திருப்பிப் பார்த்தால் தெரியாது. டயரோடு மாட்டி, பின்னால் மூன்று பேரை உட்கார வைத்து, ஸ்டியரிங்கைக் கடைசி வரை ஒடித்துப் பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

கிள்ளான்: ரிம்முக்கும் ஹப்புக்கும் நடுவில் ஸ்பேசர் தட்டு வைத்து வெளியே கொண்டுவரலாமா?

வேண்டாம். சரியான ஆஃப்செட்டில் ரிம் வாங்குங்கள்.

ரவாங், பெஸ்ஸா: ஒரிஜினல் டிஇ37 ரிம் வாங்க வசதி இல்லை அண்ணே. அதே டிசைனில் கோப்பி (நகல்) பாதிக்கும் பாதி விலையில் கிடைக்கிறது. வாங்கினால் உடையுமா?

கோப்பி எல்லாம் உடையும் என்று சொன்னால் அது பொய், கோலாலம்பூரில் ஓடுகிற ரிம்மில் ஏகப்பட்டது கோப்பிதான். ஆனால் எதற்குக் காசு கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுங்கள். சாதாரண ரிம் உருக்கிய அலுமினியத்தை அச்சில் ஊற்றி எடுப்பது. ஃப்ளோ ஃபார்மிங் என்பது ஊற்றிய பிறகு வெளிவட்டத்தைச் சூட்டோடு உருளையால் அழுத்தி இழுப்பது, அதனால் மெல்லியதாக இருந்தும் பலமாக இருக்கும். ஃபோர்ஜ்டு என்பது திட அலுமினியக் கட்டியை ராட்சச அழுத்தத்தில் அமுக்கிச் செய்வது. ஜப்பானின் ரேஸ் (Rays) கம்பெனியின் டிஇ37 இந்த ரகம். அதன் பெயரில் இருக்கும் 37, 15×6 அளவு ரிம்மின் எடை 3.7 கிலோ என்பதிலிருந்து வந்தது. கோப்பி 15 இன்ச் 6, 7 கிலோ இருப்பது சர்வ சாதாரணம். ஆக நீங்கள் வாங்குவது அந்த முகத்தை மட்டும்தான், எடையை இல்லை.

ஃபோர்ஜ்டு கட்டுப்படியாகாது, கோப்பியும் மனசுக்கு ஒப்பவில்லை என்றால் நடுவில் வழி உண்டு. என்கெய் மாதிரி பெயருள்ள கம்பெனியின் ஃப்ளோ ஃபார்மிங் ரிம், செகண்ட் ஹேண்டாக இருந்தாலும் பரவாயில்லை. பெஸ்ஸா மாதிரி சின்ன இன்ஜின் காடிக்கு எடை குறைந்த 15 இன்ச் கொடுக்கிற சுறுசுறுப்பை எந்த டிசைனும் கொடுக்காது.

கோப்பிதான் என்று முடிவெடுத்தால் ரிம்மைத் திருப்பி உள்பக்கம் பாருங்கள். ஜேடபிள்யூஎல், விஐஏ என்ற ஜப்பான் தர முத்திரைகள், சைஸ், ஈடி, தாங்கும் எடை எல்லாம் அச்சிலேயே வார்த்திருக்க வேண்டும். முத்திரையையும் போலியாக வார்க்கலாம், அதனால் அது ஒன்றே உத்தரவாதம் ஆகாது. ஆனால் எதுவுமே இல்லாமல் மொட்டையாக இருக்கும் ரிம்மை இலவசமாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள்.

சுபாங், பிஒய்டி அட்டோ 3 மின்சாரக் காடி: வீட்டுக்காரர் பழைய காடியின் 18 இன்ச் ரிம்மை இதில் போடலாம் என்கிறார். போடலாமா?

அக்கா, பிசிடியும் செண்டர் போரும் பொருந்தினாலும் முதலில் எடையைக் கேளுங்கள். பேட்டரியால் இந்தக் காடி மட்டுமே 1,700 கிலோ அளவுக்கு வரும், ஆள் ஏறினால் இன்னும் கூடும். ஒரு ஆக்சலில் 1,100 கிலோ இறங்குகிறது என்றால் ஒவ்வொரு ரிம்மும் குறைந்தது 550 கிலோ தாங்க வேண்டும், அந்த எண் ரிம்மின் உள்ளே இருக்கும். சின்ன செடான் ரிம்மில் அதை விடக் குறைவாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. டயர் தாங்கும் எடையைச் சொல்லும் லோட் இண்டெக்ஸ் எண்ணும் கம்பெனி டயரை விடக் குறையக் கூடாது. வீட்டுக்காரரிடம் ரிம்மைக் குப்புறப் போட்டு எண்ணைப் படிக்கச் சொல்லுங்கள், சண்டை அங்கேயே முடிந்துவிடும்.

செராஸ்: ஜாலான் சான் சௌ லின் பக்கம் ஹாஃப்கட் (பழைய காடிப் பாகங்கள்) கடையில் ஜப்பான் ரிம் ஒரு செட் பார்த்து வைத்திருக்கிறேன், டயரோடு சேர்த்து விலை சொல்கிறார்கள். என்னவெல்லாம் பார்க்க வேண்டும்?

தவுக்கே (கடை முதலாளி) நல்ல மனுஷனாக இருந்தால் நாலையும் பேலன்சிங் மெஷினில் சுற்றிக் காட்டுவார். முகத்தைப் பார்க்காதீர்கள், உள் விளிம்பைப் பாருங்கள், அடிபட்ட ரிம் அங்கேதான் ஆடும். உள் வட்டத்தில் வெல்டிங் தடம், புது பெயின்ட், தேய்த்து மழித்த இடம் ஏதாவது தெரிந்தால் விட்டுவிடுங்கள். நட்டு உட்காரும் நாலு குழியும் முட்டை வடிவமாகத் தேய்ந்திருக்கிறதா என்று விரல் விட்டுப் பாருங்கள்.

டயரோடு விலை என்பது பெரும்பாலும் காட்சிக்குத்தான். டயர் சுவரில் கடைசி நாலு இலக்கம் 2317 என்றால் 2017ஆம் வருஷம் 23ஆவது வாரம் செய்தது. தேயாமல் கட்டை எவ்வளவு இருந்தாலும் அந்த ரப்பர் மழையில் பிடிக்காது. டயருக்கு மதிப்பே போடாமல் ரிம்முக்கு மட்டும் விலை பேசுங்கள்.

பூச்சோங்: குழியில் விட்டு ரிம் நெளிந்துவிட்டது. நிமிர்த்தலாமா, மாற்ற வேண்டுமா?

விளிம்பு லேசாக நெளிந்திருந்தால் நிமிர்த்தலாம், தெரிந்த கையாக இருக்க வேண்டும். கண்டபடி சூடு காட்டினால் அலுமினியத்தின் பலமே போய்விடும். விரிசல் என்றால் வேறு பேச்சு. வெல்டிங் வைத்துத் தருகிறேன் என்பார்கள், வைத்தும் தருவார்கள், ஓடவும் செய்யும். ஆனால் குடும்பத்தோடு காராக் நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும்போது அந்த வெல்டிங்கை நம்பி ஓட்ட எனக்கு மனசு வராது. அந்த ஒரு ரிம்மை மாற்றுங்கள். கிடைக்காத டிசைன் என்றால்? அதனால்தான் ஊரில் நிறைய ஓடுகிற டிசைனாகப் பார்த்து வாங்கச் சொல்கிறேன், ஒன்று போனால் இன்னொன்று தேடிப் பிடிக்கலாம்.

ஷா ஆலம், புரோட்டான் எக்ஸ்70: காற்றழுத்த சென்சார் என்ன ஆகும்?

உங்கள் காடியில் சென்சார் வால்வோடு சேர்ந்து ரிம்முக்குள் இருக்கும். பழைய ரிம்மிலிருந்து கழற்றிப் புதியதில் மாட்டலாம், டயரைப் பிரிக்கும் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் மெஷின் தட்டி உடைந்துவிடும்.

கோம்பாக்: ரிம் மாற்றியதை இன்சூரன்ஸில் சொல்ல வேண்டுமா?

சொல்லிவிடுங்கள், எழுத்தில். ரிம்முக்கும் தனியாகக் காப்பீடு வேண்டும் என்றால் அதையும் அப்போதே கேளுங்கள்.

அம்பாங்: கறுப்பு ரிம்மா, சில்வரா? எது நல்லது?

பிரேக் தூசி கறுப்பில் தெரியாது, விளிம்பில் பட்ட கீறல் சில்வரில் தெரியாது. உங்கள் வீட்டம்மா ரிவர்ஸ் பார்க்கிங் எப்படி, நீங்கள் எப்படி என்பதைப் பொறுத்தது.

செந்தூல், மறுபடி மைவி: சரி அண்ணே, 15 இன்ச்தான். ஸ்பேர் டயர் 14 ஆகவே இருக்கலாமா?

இருக்கலாம். விட்டம் ஒன்று என்பதால் அவசரத்துக்கு ஓடும், ஓரமாக மெதுவாகப் போய் பஞ்சர் கடையில் நிறுத்துங்கள். ஆனால் ரிம் வாங்கும்போது அழகுக்காக மெல்லிய நட்டு, திருட்டுக்குப் பயந்து லாக் நட்டு என்று போட்டீர்கள் என்றால் இரண்டு விஷயம் பாருங்கள். அந்த நட்டு ஸ்பேரின் இரும்பு ரிம்மில் ஒழுங்காக உட்காருகிறதா என்று கடையிலேயே ஒரு தடவை மாட்டிப் பாருங்கள், உட்காரவில்லை என்றால் பழைய நட்டு நாலையும் ஒரு பையில் கட்டி ஸ்பேருக்குள் போட்டு வையுங்கள். லாக் நட்டு சாவியைக் காடியிலேயே வையுங்கள், வீட்டு அலமாரியில் இல்லை. எங்கே இருக்கிறது என்று அந்தக் காடியை எடுக்கிற எல்லாருக்கும் சொல்லிவிடுங்கள்.